மர்பி டவுனில் பார்த்த நீலப் புகை

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நானும் மனைவியும் மர்பி டவுனுக்குப் போனோம். விற்பவர் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்தவர். காக்கிக் கால்சட்டை, படிய வாரிய நரைத்த தலை. பேசும்போதெல்லாம் தோள் துண்டால் பானட்டின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டிப் பார்த்தேன். வண்டி சத்தமில்லாமல் போனது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். களைத்துப்போன மனைவி அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“எத்தினி மாசம்மா?” என்று கேட்டார்.

“எட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் அவசரமா கார் தேடறோம்.”

துடைப்பதை நிறுத்தினார். “சார், ஒரு மணி நேரம் இருங்க. இஞ்சின் ஆறட்டும்.”

எங்களுக்கு மோர் கொடுத்தார். பிறகு என்னைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, வண்டியைக் கிளப்பினார். சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்தது.

“ஆயில் எரியுது சார். வால்வ் சீல் போயிருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே இஞ்சின சூடு பண்ணி வச்சிட்டேன், அதான் பொகை தெரியல. ஆயில் கொறஞ்சு நடு ரோட்டுல நின்னுட்டா அம்மா என்னா பண்ணுவாங்க? இது ஒங்களுக்கு வாணாம்.”

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. பிரசவத்துக்கு ஆட்டோவில்தான் போனோம். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அன்று நான் தனியாகப் போயிருந்தால் அந்தப் புகையைக் காட்டியிருப்பாரா என்று இப்போதும் மனைவியிடம் கேட்பேன்.

“மாட்டார்” என்பாள், அவர்மேல் துளி வருத்தமும் இல்லாமல்.