கரீம் பாயும் எங்கள் வீட்டு அடைகல்லும்

ஜனவரி 27, செவ்வாய். காலை 10.50. மீட்டிங் முடிந்து பார்த்தால் ஒரே நம்பரிலிருந்து நான்கு மிஸ்டு கால்.

கரீம் பாய் போய்விட்டார். லிங்கராஜபுரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதுகூட இல்லை... ஹார்ட் அட்டாக் என்றார் அவர் தம்பி.

எங்கள் கொள்ளுத்தாத்தா கன்டோன்மென்ட்டில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். அவர் இரும்பை வைத்து அடித்த அடைகல், முழு இரும்பிலான பட்டறைக் கல், இப்போது அப்பாவிடம். பக்கவாட்டில் 1 · 2 · 14 என்று பொறித்திருக்கும். 1914 பிப்ரவரி 1, கல் கொள்ளுத்தாத்தா கைக்கு வந்த நாள் என்பது அப்பாவின் தீர்ப்பு. வருடா வருடம் அன்றைக்கு சர்ச்சில் பூசை, வீட்டில் பிரியாணி.

நானும் நம்பினேன். மெக்கானிக்கல் இன்ஜினியர் வேறு.

"எந்தக் கம்பெனி கல்லுன்னு மட்டும் சொல்லுங்க பாய், வருஷம் எனக்குத் தெரியும்" என்று ஒரு நாள் கரீம் பாய் கடையில் ஃபோட்டோவை நீட்டினேன்.

மூலையில் கிடந்த வேறொரு கல்லைக் காட்டினார். 1 · 0 · 9.

"பூஜ்யம் மாசம் உங்க காலேஜ்ல உண்டா, இன்ஜினியர் சாப்?"

எங்கள் கல்லில் இருப்பது தேதிதான் என்று கத்தினேன். "வாய் எதுக்கு? தராசு இருக்கு, கொண்டா" என்றார்.

அப்பா ஊரில் இல்லாத நாளில் கல்லை கூட்ஸ் ஆட்டோவில் கொண்டுபோனேன். பழைய ஆங்கிலேய எடைக் கணக்கு என்றார் பாய்: முதல் எண்ணுக்கு 112 பவுண்டு, நடு எண் ஒவ்வொன்றுக்கும் 28, கடைசி எண் உதிரிப் பவுண்டு. மொத்தம் 182. அதாவது 82.5 கிலோ. தராசு 82 காட்டியது. அரைக் கிலோ தேய்மானம்.

தேதி இல்லை. எடை.

"அப்ப எந்த வருஷம்தான்?"

"1880-லேர்ந்து 1940-க்குள்ள வெச்சுக்கோ."

"அறுபது வருஷ இடைவெளியெல்லாம் ஒரு பதிலா பாய்?"

"பொய் சொல்லட்டா?"

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை அந்தத் தேதியைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை கல்லில் துளை போட்டு மாட்டுகிறார்கள். ஞாயிறு ஃபாதர் வந்து மந்திரிக்கிறார்.

"நீ சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. சனிக்கிழமை காலைல நானே பூஜ்யம் மாசக் கல்லைத் தூக்கிட்டு வர்றேன்" என்றார் பாய் போன வாரம். "பிரியாணி மட்டும் எனக்கு எடுத்து வை."

அவரை நம்பித்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன்...

அப்பா ஃபேஸ்புக்கில் இல்லை. சித்தப்பாவை இந்தப் பதிவிலிருந்து ஹைட் செய்திருக்கிறேன். யாரும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டாம், ப்ளீஸ்.

போய் வாங்க பாய். அன்றைக்குக் கத்தியதற்கு ஸாரி.

1. நாலு மணிக்கு அடக்கம். லீவ் சொல்லியாயிற்று.

2. தகட்டுக் கடைக்கு ஃபோன். வேலையை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

3. 1 · 0 · 9 கல்லை அவர் தம்பியிடம் இரவல் கேட்க வேண்டும். இன்றைக்குக் கேட்கக் கூடாது.

4. அப்பாவிடம் சொல்ல வேண்டும். பூஜ்யம் மாதத்திலிருந்து ஆரம்பிப்பேன்.