வார்மருக்கு வைத்த சந்தனப் பொட்டு

காலை 7.10. பூந்தமல்லியில் கார் ஏறினோம். உடன் வந்த கிரேஸ், மலாவி நாட்டில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் தலைமை நர்ஸ். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் தயாரான பன்னிரண்டு வார்மர்களை, அதாவது குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் கட்டில்களை, சோதித்துக் கையெழுத்திட வந்திருந்தார். கையெழுத்து விழுந்தால் இன்றே துறைமுகம். நான் வெறும் மொழிபெயர்ப்பாளன். கருவி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

செம்பரம்பாக்கம் தாண்டும்போது, அங்கே குழந்தைகள் எதனால் இறக்கின்றன என்று டிரைவர் முருகன் கேட்கச் சொன்னார். குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித் தொற்று என்றார் கிரேஸ். கூடவே குளிர்.

"ஆப்பிரிக்கால குளிரா சார்?" முருகன் சிரித்தார். நானும்தான்.

ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு இந்தக் கார் ஏசியே போதும் என்றார் கிரேஸ். முருகன் ஏசியை அணைத்தார்.

8.40. தொழிற்சாலை. வெளிநாடு போகும் முதல் லோடு என்பதால் காலையிலேயே பூஜை முடிந்து, வார்மர்கள் சந்தனம் குங்குமத்தோடு மணப்பெண்களாக நின்றன. கிரேஸ் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பையைக் குழந்தையாகக் கிடத்தி, அதன்மேல் சூட்டை அளக்கும் சென்சாரை ஒட்டினார். சிறிது நேரத்தில் பையின்மேல் புறங்கையை வைத்தவர் சட்டென எடுத்துவிட்டார். திரையில் சூடு குறைவு என்று காட்டியது, பையோ கொதித்தது. நேற்றுதான் சரிபார்த்தோம் என்று சூப்பர்வைசர் சாதித்தார். கிரேஸ் சென்சாரைப் பிரித்துத் திருப்பினார். குழந்தையின் தோலைத் தொட வேண்டிய பக்கத்தில் காய்ந்த சந்தனம். பையின் சூடு சென்சாருக்கு எட்டாததால் வார்மர் மேலும் மேலும் சூடேற்றியிருக்கிறது.

டெஸ்டிங் பிரிவில் வேலை செய்யும், பென்னலூர்க்காரரான தேவி முன்னால் வந்தார். "நான்தான் மேடம் வெச்சேன். கொழந்தைங்க மேல படுறதாச்சே, நல்லா இருக்கட்டும்னு பன்னெண்டுக்கும் வெச்சிட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன். கிரேஸ் கோபப்படவில்லை. தன் வார்டில் பல இரவுகளில் ஒரே நர்ஸ்தான் என்றும், அவள் திரையை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள் என்றும் மெதுவாகச் சொன்னார். தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருவரும் பன்னிரண்டு சென்சார்களையும் ஸ்பிரிட்டால் துடைத்து, முதலிலிருந்து சோதித்தார்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று தேவி கேட்டார். கிரேஸ் ஒரு துண்டை உருட்டித் தன் நெஞ்சோடு சேர்த்து, அங்கே நின்ற பெண் ஒருத்தியின் துப்பட்டாவால் இறுகக் கட்டிக் காட்டினார்.

"அம்மாவோட நெஞ்சுச் சூடு. தோலோடு தோல். அதுக்குக் கரண்ட் வேணாம்." கிரேஸ் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

உற்பத்தி லைனே வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. எத்தனை குழந்தைகளை அந்த நெஞ்சு தாங்கியிருக்கும்.

மாலை 3.30. கையெழுத்து விழுந்தது. தேவி லாரியின் நெற்றியில் பொட்டு வைத்தார். இந்த முறை கிரேஸிடம் இடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

என் மகளும் குறைமாதத்தில் பிறந்தவள்தான். பத்து நாள் வார்மரில் இருந்தாள். பத்து நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கை அவளைத் தொட்டுப் பார்த்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

வீடு சேர்ந்தபோது அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் புறங்கையை வைத்தேன்.

"காய்ச்சல்லாம் இல்லப்பா" என்றாள். நான் கையை எடுக்கவில்லை.