தடை ஏதும் காணப்படவில்லை

எங்கள் ஊர்ச் சாலையில் வேகத்தடை வேண்டுமென்று கிராம சபையில் மனு கொடுத்தவன் நான்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பெண்களும் சைக்கிளில் போகிற சாலை, குடவாசல் போகிற கார்களெல்லாம் இங்கே வந்ததும் பறக்கின்றன என்று எழுதி, ஊரைச் சுற்றிக் கையெழுத்தும் வாங்கினேன். என் நியாய உணர்ச்சியை நானே மெச்சிக்கொண்ட காலம் அது. அதே ஆண்டு குறுவை அறுவடையில், அதே சாலையில் பாதியை மறித்து நெல்லைக் கொட்டினேன்.

கொட்டாமல் என்ன செய்வது? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்க் களத்தில் எனக்கு முன்னால் நாலு பேர் இடம் பிடித்திருந்தார்கள். தார் சூட்டில் நெல் சீக்கிரம் காயும், ஊரே அப்படித்தான் காயப்போடுகிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிள்காரர்களுக்கென்று இருப்பதே ஒரு முழ இடம். அதிலும் நெல், அதைத் தாண்டியும் நெல், வண்டி ஏறாமலிருக்க விளிம்பில் வரிசையாகக் கருங்கல். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

காலை எட்டு மணி இருக்கும். பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற பெண் சைக்கிளில் வந்தார். கேரியரில் முருங்கைக்கீரைக் கட்டு. தினமும் அந்த நேரத்துக்குப் போகிறவர், என்னைப் பார்த்தால் தலையசைப்பார். அன்றும் அசைத்துவிட்டு, நெல்லைச் சுற்றிக்கொண்டு சாலை நடுவுக்கு வந்தார். பின்னாலிருந்து வந்த கார் இடித்தது. அவர் அந்தப் பக்கம் விழுந்தார், கீரை என் நெல்லில் விழுந்தது.

காரை ஓட்டி வந்தவர் இறங்கி, "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க சார், நீங்களே பாத்தீங்கல்ல" என்றார். நான் குனிந்து கீரைக் கட்டை நெல்லிலிருந்து எடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்து அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களைக் கூப்பிட்டு நெல்லை வாரி மூட்டை கட்டினேன். கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாய்க்காலுக்குள் போட்டேன். மழை வரும் போலிருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மேகம் கறுத்திருந்தது உண்மைதான். ஆனால் மழைக்குப் பயந்து யாரும் கருங்கல்லை ஒளித்து வைப்பதில்லை.

போலீஸ் வந்தபோது சாலை கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. ஏட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். "இவ்வளவு அகல ரோட்டுல அந்தம்மா ஏன் நடுவுல போச்சு?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். சம்பவ இடத்தில் கண்டதை எழுதிவைக்கும் பார்வை மகஜரை ஜீப்பின் மேல் வைத்து எழுதினார். 'சாலை அகலமாக உள்ளது. தடை ஏதும் காணப்படவில்லை.' சாட்சிக்குக் கையெழுத்து வேண்டுமே என்று, படித்தவன் என்பதால் என்னிடம் நீட்டினார். போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வயலுக்குப் போவேன், மடையைக்கூடப் பார்க்காமல் திரும்புவேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து வாசலுக்கு வருவேன். சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது நெஞ்சோடு நிற்காமல் உள்ளங்கால் வரைக்கும் குறுகுறுத்தது. பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல், அந்தப் பெண்ணைச் சேர்த்திருந்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

தொடை எலும்பில் கம்பி வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் கணவர். என்னைப் பார்த்ததும் அவர் பொரிந்து தள்ளினார். "நடுரோட்டுல சைக்கிள் விட்டா கார்க்காரன் என்ன பண்ணுவான்? போலீசே எழுதிட்டாங்க, இவ மேலதான் தப்புன்னு. வக்கீலு கேஸ் நிக்காதுங்கிறாரு. நான் பொண்ணோட சைக்கிளையும் பூட்டிட்டேன். ஆத்தா மாதிரி அதுவும் குறுக்க போய் விழணுமா?" பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறதாம்.

"நான் குறுக்க வரல" என்று அந்தப் பெண் சுவரைப் பார்த்துச் சொன்னார். பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கணவர் டீ வாங்கப் போனதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "நெல்லு கெடந்துச்சுன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்கண்ணே. ரோடு காலியாத்தான் இருந்துச்சுங்கிறாங்க. கல்லுக்கு நடுவுல பூந்து நெல்லு மேலயே நான் வந்திருக்கலாம், கல்லு இல்லாத எடத்துல கார்க்காரங்க ஏத்திட்டுப் போறாங்கல்ல. எனக்குத்தான் மனசு வரல. சோத்து மேல சக்கரத்த ஏத்துற மாதிரி இருக்கும்."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, என் மேலேயே. அப்போதும் வாயைத் திறந்தேனா? "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஊர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் காலியாக இருந்தும்.

மறுநாள் காவல் நிலையத்துக்கு எதிரில் இரண்டு டீ குடித்த பிறகுதான் உள்ளே போகத் தைரியம் வந்தது. அதே ஏட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மகஜர்ல நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

"ஆமாங்க. பொய்ன்னு தெரிஞ்சேதாங்க போட்டேன்."

"பொது வழிய மறிச்சதுக்கு உங்க மேல கேஸ் வரும். தடயத்த அழிச்சதுக்கும் வரும். நெல்லு காயப்போடுற அத்தனை பேரும் உங்க மேல பாய்வாங்க. யோசிச்சுக்குங்க."

யோசித்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். காகிதம் கேட்டு வாங்கி ஒரு சாலையை வரைந்தேன். மதகிலிருந்து புளியமரம் வரைக்கும் கட்டம் போட்டு 'என் நெல்' என்று எழுதினேன். கீழே, சைக்கிள் போகிற ஓரத்தை நான் அடைத்திருந்தேன், அவருக்குப் போக வேறு வழியில்லை, அவர் குறுக்கே வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு வழக்கில் சேர்க்கச் சொன்னார். ஏட்டு சொன்னபடி என் மேலும் வழக்கு வந்தது. பங்காளிகள் பேச்சை நிறுத்தினார்கள். "ஊரே காயப்போடுது, இவருக்கு மட்டும் நியாயம் பொத்துக்கிட்டு வருது" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். நானும் இரண்டு வார்த்தை சூடாகக் கொடுத்தேன், எந்த முகத்தோடு கொடுத்தேனோ தெரியவில்லை.

அந்தப் பெண் வீடு திரும்பியதும் வாக்குமூலத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கணவர் வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நெல்லை வாரியதையும் கல்லை ஒளித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குறுக்க வரலேன்னு இதுல எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா."

"படிங்க."

படித்தேன்.

"இன்னொரு தரம் படிங்க. வாசல்ல இருக்கிறவரு காதுல விழற மாதிரி."