ஊமையன் அசையவில்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டித் தடத்திலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தால், இனிமேல் மனுஷ வாடையே கிடையாது என்று தோன்றுகிற இடத்தில் ஒரு தோட்டம் வரும். அங்கேதான் இருந்தோம். எனக்குப் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் தொங்கப்போடுகிற வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியாராலும் தாங்க முடியவில்லை, என்னாலும் தாங்க முடியவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகையில் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததில் மட்டும் ஒன்றும் திருத்த வேண்டாம்.

என் அண்ணன் துரை பங்களாவில் தோட்டவேலை. துரை ஊருக்குப் போகும்போது நாற்காலி, பீங்கான், கிராமபோன் எல்லாவற்றையும் ஏலம் போட்டார். ஏலத்தில் யாரும் கேட்காமல் நின்ற ஒன்றை மட்டும் அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்தார். அது ஒரு நாய். "குழந்தைகளோடு ரொம்ப நல்ல நாய்" என்று சொன்னாராம். இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர் பொய் சொல்லவில்லை.

வெள்ளை நாய். நெஞ்சு சாராயப் பீப்பாய் மாதிரி. காதை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மூஞ்சியெல்லாம் பழைய தழும்பு. கண் சின்னது. கழுத்து எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

"அண்ணி, இது நம்ம பெரிய கங்காணிக்குச் சொந்தமா? கழுத்து ஒரே மாதிரி இருக்கே" என்றேன்.

"வாயை மூடுங்க கொழுந்தனாரே, அந்தாளு காதுல விழுந்தா நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு. எனக்கென்னமோ இது கண்ணைப் பாத்தாலே பிடிக்கல."

அண்ணியின் பயம் அன்று சாயங்காலத்தோடு போயிற்று. அண்ணனுக்கு அப்போது ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை. அது நேரே போய் நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தது. வாலைப் பிடித்து இழுத்தது. அப்புறம் வயிற்றில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. நாய் அசையவில்லை. குழந்தை எழுந்திருக்கும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தது.

அது குரைக்காது. உறுமாது. அடிபட்டால் கத்தாது. அதனால் கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்தில் எல்லாரும் ஊமையன் என்று கூப்பிட்டார்கள். லயத்து நாய்கள் ராத்திரி பகல் பார்க்காமல் சண்டை போடுகிற ஜாதி. ஊமையன் வாசலில் வந்து நின்றால் போதும், அத்தனையும் வாயடைத்துப்போகும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி நடந்துவரும்போது நாங்கள் இருப்பது மாதிரியே இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அது ரப்பர்க் கொட்டை வெடிக்கிற மாசம். அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? காற்றே இருக்காது. காடு முழுக்க அசையாமல் நிற்கும். திடீரென்று தலைக்கு மேலே யாரோ விரலைச் சொடுக்கினது மாதிரி 'படக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து, எங்கேயோ தூரத்தில் சருகுமேல் ஏதோ விழும். பகலிலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கத் தோன்றும்.

அந்த மாசத்தில்தான் லயத்து நாய்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் கோயிலடியில் படுத்திருக்கும் சொறிநாய். யாரும் தேடவில்லை. அப்புறம் கடைக்காரர் வளர்த்த கறுப்பு நாய். அது கால்வாயில் கிடந்தது. தொண்டையில்தான் காயம். வேறு எங்கும் கீறல்கூட இல்லை. தின்னவும் இல்லை. புலி என்றார்கள் சிலர். புலியாக இருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்குமே? சாகும்போது அந்த நாய் ஒரு சத்தம்கூடப் போடவில்லையே, ஏன்? கடைசியில் லயமே ஒரு முடிவுக்கு வந்தது. முனி வேட்டைக்கு இறங்கியிருக்கிறது.

பொங்கல் வைத்தார்கள். சேவல் அறுத்தார்கள். அன்றைக்கு ஊமையன் முனியாண்டி கோயில் மரத்தடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, அறுபட்ட சேவலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பூசாரிக்குச் சாமி வந்தது.

"இது என் வாகனம்டா! இது குரைக்காது! என் வேட்டைய இது பாத்துக்கும்!"

அவ்வளவுதான். அண்ணி அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பெண்கள் ஒன்றுகூடிப் பேசி, விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகைக்கு ஊமையனைக் காவல் வைத்தார்கள். லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நாய் செத்தபோதும் ஊமையனுக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. நானும் கொட்டகை ஆயாவைச் சீண்டுவேன். "ஆயா, இனிமே சம்பளம் உனக்கா, நாய்க்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். உன்னைய மாதிரி சும்மா பல்லைக் காட்டிட்டுத் திரியல, அது வேலை செய்யுது" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, புகைக்கொட்டகையிலிருந்து குறுக்கு வழியில் திரும்பினேன். கொட்டை வெடித்துக்கொண்டிருந்தது. மரவரிசை நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டே போனேன்.

ஊமையன் நின்றுகொண்டிருந்தது. ஆயாக் கொட்டகைப் பக்கம் திரிகிற ஒரு செவலைப் பெட்டை நாய், அதன் தொண்டை ஊமையன் வாயில். உதறவில்லை. இழுக்கவில்லை. சும்மா நின்றது. கோயிலில் பூசை முடியக் காத்திருக்கிற ஆள் மாதிரி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பொறுமையாக. செவலையின் பின்னங்கால் மட்டும் சருகில் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அப்போது ஊமையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

பார்த்து, வாலை ஆட்டியது. வீட்டில் என்னைப் பார்த்தால் ஆட்டுவது போலவே.

நான் ஓடவில்லை. ஓடத் தோன்றவில்லை. திரும்பி நடந்தேன். பின்னால் சருகில் காலடிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஓடை வந்ததும் இறங்கித் தண்ணீர் குடித்தது, மூஞ்சியைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. வீடு போய்ச் சேர்ந்ததும் குழந்தை ஓடிவந்து அதன் ஈரமான கழுத்தைக் கட்டிக்கொண்டது.

நான் சொன்னதை அண்ணி நம்பவில்லை. போன மாசம்தான் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிணற்றடியில் புலி மாதிரி உறுமி, அவளைக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடவைத்திருந்தேன்.

"கொழுந்தனாரே, சாமி விஷயத்துல விளையாடாதீங்க" என்றாள்.

அண்ணன் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"துரை இருந்தப்ப ஞாயித்துக்கிழமையில பங்களா கார்க் கொட்டாய்ல துரைங்க கூடுவாங்கடா. மறுநாள் நான்தான் சிமிட்டித் தரையில ரத்தத்தைக் கழுவுவேன். விருந்துக்கு ஆடு வெட்டிருக்காங்கன்னு நெனச்சேன். ஆட்டு எலும்பைத்தான் ஒருநாளும் பாத்ததில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருதடவ கதவு தொறந்திருந்துச்சி. இது இன்னொரு நாயைப் பிடிச்சிட்டு விடல. துரை கழுத்துப்பட்டையில கட்டையக் குடுத்து முறுக்குனாரு. அப்புறம்தான் விட்டுச்சி. நாய்க்கு ஏதோ தண்டனைன்னு நெனச்சிக்கிட்டேன்."

"இப்ப என்னண்ணே செய்யறது?"

"இன்னிக்கிக் கவுத்துல கட்டிப் போடுறேன். காலையில பங்களாவுல சங்கிலி இருக்கு, எடுத்தாறேன். மனுஷங்கள அது ஒண்ணும் செய்யாதுடா. செஞ்சதே இல்ல." கடைசி வார்த்தையை எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

காலையில் புகைக்கொட்டகையிலிருந்து தேத்தண்ணி குடிக்க லயத்துக்கு வந்தேன். அடுப்படியில் கயிறு மட்டும் கிடந்தது. அண்ணி பால் வெட்டப் போகும்போது அவிழ்த்து விட்டுப் போயிருக்கிறாள். முனி இறங்கியிருக்கிற நேரத்தில் காவலைக் கட்டிப்போட்டால் பிள்ளைகள் கதி என்ன என்று அவளுக்குப் பயம். அந்த லயத்தில் எந்தத் தாயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

நான் ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன்.

அங்கே பிள்ளைகள் ஒரே சிரிப்பு. கொட்டகைக்கு அடியில், கால்களுக்கு நடுவே செவலை குட்டி போட்டிருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. ராத்திரியெல்லாம் தாய் வராமல், பசியில் குட்டிகள் வெளியே ஊர்ந்து வந்திருக்கின்றன. ஆயா பின்பக்கம் கஞ்சிக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். என் அண்ணன் மகள் ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். குட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. அவளுக்கு நேர் எதிரே ஊமையன். கண் பாதி மூடியிருந்தது. வால் மெதுவாக ஆடியது.

கத்தினால் பிள்ளைகள் சிதறி ஓடும் என்று தெரிந்தது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பாப்பா, குட்டிய சித்தப்பாகிட்ட குடு" என்றேன்.

"மாட்டேன். நீங்க புடுங்கிட்டு ஓடுவீங்க."

"இல்லடி, ஓடமாட்டேன். கீழயாச்சும் விடு."

"போங்க சித்தப்பா!" என்று சிரித்துக்கொண்டே குட்டியை இன்னும் இறுக்கித் திரும்பினாள்.

ஊமையன் பாய்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஓர் அடி முன்னால் வைத்தது, அவ்வளவுதான். குட்டியின் கீச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. குட்டி அதன் வாயில் இருந்தது. குட்டியைப் பிடித்திருந்த குழந்தையின் கையும் அதன் வாயில் இருந்தது.

குழந்தை வீறிட்டது. இன்னொரு கையால் அதன் தலையில் அடித்தது. "விடுடா ஊமையா! விடுடா!" ஊமையன் அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. விடவில்லை.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. ஆயா ஓடிவந்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். அவள் கையை இழுத்தால் விரல் போய்விடும். அதை மட்டும் என் புத்தி சொல்லியது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தூரத்தில் பங்களாப் பாதையில் அண்ணன் வருவது தெரிந்தது.

"பாப்பா, சிலை விளையாட்டு" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "யாரு மொதல்ல அசையறாங்களோ அவங்க தோத்தாங்க. நீ, நான், ஊமையன்."

"வலிக்குது சித்தப்பா..."

"சிலைக்கு வலிக்குமா? கோயில்ல முனி எப்பிடி நிக்கிது? கண்ணைக்கூட சிமிட்டாது, பாத்திருக்கியா? அப்பிடி நில்லு பாப்பம்."

நின்றாள். விம்மிக்கொண்டே நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. நாயின் மூச்சு என் முழங்காலில் சூடாகப் பட்டது. எங்கேயோ ஒரு கொட்டை வெடித்தது. குழந்தை என் காதுப்பக்கம் மெல்லச் சொன்னாள்.

"ஊமையன் அசையவே இல்ல சித்தப்பா. அவன்தான் ஜெயிப்பான்."

அண்ணன் வந்தார். கத்தவில்லை. ஆயாவின் அடுப்பிலிருந்து ஒரு விறகுக் கட்டையை உருவி, கழுத்துப்பட்டைக்குள் கொடுத்து முறுக்கினார். நாய் அவரை எதிர்க்கவில்லை. அவர் கைக்குத் தோதாகக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கூடக் கொடுத்தது போல இருந்தது. வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முறுக்கு ஏற ஏற மெதுவாகி, நின்றது. தாடை தளர்ந்தது. குழந்தையின் கையை வெளியே எடுத்துத் தூக்கிக்கொண்டு நான் தள்ளிப்போனேன்.

"அண்ணே, விட்டுடுச்சி. போதும்ண்ணே."

அண்ணன் விடவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பூசை முடியக் காத்திருக்கிற ஆள் மாதிரி, பொறுமையாக நின்றார். அவர் அவ்வளவு நேரம் அப்படி நின்றதைப் பார்த்தபோது, எனக்கு நாயிடம் வந்ததைவிட அதிகமான பயம் வந்தது. கடைசியில் நான்தான் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டையிலிருந்து பிரித்துவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கட்டுப் போட்டார். சுண்டுவிரல் நுனி போயிற்று. மற்ற விரல்கள் பிழைத்தன. அண்ணி அந்தக் கயிற்றை எடுத்து அடுப்பில் போட்டாள். அண்ணன் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. ஊமையன் கப்பலேறித் துரையிடம் போய்விட்டதாகக் குழந்தையிடம் சொல்லிவைத்தோம். விரலைப் பற்றி யாராவது கேட்டால் அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்.

"ஊமையன் என்னைக் கடிக்கல. அது குட்டியைத்தான் கடிச்சிச்சி. நடுவுல என் கை இருந்துச்சி."

இப்போது நான் தம்போய் என்கிற ஊரில் ஒரு கார்ப் பட்டறையில் இருக்கிறேன். எங்கள் முதலாளி போன வாரம் சிங்கப்பூரிலிருந்து அதே ஜாதிக் குட்டி ஒன்றை வாங்கிவந்தார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு.

"நீ நாயோட பழகுனவனாமே. சொல்லு, இதைப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் எகத்தாளமாக ஏதாவது சொல்கிறவன் நான். அன்றைக்கு எகத்தாளம் வரவில்லை. எங்கள் ஊமையனைப் போலப் பொறுமையான நாயை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அது உண்மை. அப்புறம், வீட்டில் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. எங்கள் வீட்டில் ஊமையன் இருந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன், அது எங்கள்மேல் பிரியம் இல்லாமல் இருந்த ஒரு நாளைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைப் பயமுறுத்துவது அதுதான்.