துருவுக்கு அடியில்

மாடல் ரயில் எஞ்சின்களை யாராவது பொம்மை என்றால் எனக்குக் கோபம் வரும். அவற்றுக்குத் துருவும் கரியும் பூசி, பல வருஷம் ஓடியது போலக் காட்டுவது என் பைத்தியம். குகட்பள்ளி நண்பர் ஜோசப், தானே செய்த சின்ன டீசல் எஞ்சினை அதற்காக என்னிடம் கொடுத்தார். கூரைப் பெயின்ட்டில் ஒரு விரல் தடம் இருந்தது. காய்வதற்குள் தொட்டுவிட்டார் போல, அவசரக்காரர் என்று அலுத்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். அதன் மேல் துரு பூசினேன்.

திருப்பிக் கொடுத்தபோது, அவருடைய ஆறு வயது மகள் அதை வாங்கிக் கூரையையே பார்த்தாள். தெலுங்கில் கேட்டாள்:

“நா வேலு ஏதி, அங்கிள்?”

ஜோசப் சிரித்தார். “அவ விரல் எங்கன்னு கேக்கறா. பெயின்ட் ஈரமா இருந்தப்ப வச்சுட்டா. அதனால எஞ்சினே அவளோடதாம்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “துருவுக்கு அடியில பத்திரமா இருக்கும்மா” என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் எஞ்சினை மடியில் வைத்து, அதற்கு வலிக்கக் கூடாது என்பது போல, நகத்தால் மெதுவாகத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கூரை சுத்தமாகியிருந்தது.

“இன்கா கொஞ்செமே, அங்கிள்!”

இன்னும் கொஞ்சம்தான் பாக்கியாம். அவள் சுரண்டி முடிப்பதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.