படுக்கப் போடக்கூடாத பிரிட்ஜ்

பிக்கப் வைச்சு ஹயருக்கு ஓடுறவனுக்கு நெல்லு, சீமெந்து, வாழைக்குலை எல்லாம் வெறும் சாமான். பிரிட்ஜ் மட்டும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற வருத்தக்காரர். ஒருக்காலாவது அதை ஏத்தி இறக்கினவைக்கு நான் சொல்லுறது விளங்கும். மற்றவை, உங்கடை வீட்டிலை ஒண்டு நிண்டால் போய்க் கட்டிப்பிடிச்சுப் பாருங்கோ. கைபோட ஒரு இடம் இருக்காது.

நான் கொக்குவில் ஆள். எண்பத்துநாலிலை ஒரு பழைய பிக்கப்பை வாங்கி ஓடத் தொடங்கினனான். கனபேற்றை பிரிட்ஜை ஏத்தியிருக்கிறன். ஆனால் என்னைக் குழப்பினது ஒண்டேயொண்டுதான், குருநகர் ரெஜினா அக்காவின்ரை. அவவின்ரை மனுசன் காய்ச்சலிலை போயிட்டார். இரண்டு பெட்டையள். அந்தப் பிரிட்ஜிலை ஐஸ்பழம் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வித்துத்தான் வீட்டிலை உலை கொதிச்சது. பிரிட்ஜ் பழுதெண்டால் சோறில்லை. அதாலை அது என்ரை வாகனத்திலை ஏறின நேரமெல்லாம் நான் பள்ளம் பள்ளமாய்ப் பாத்து ஊர்ந்துதான் ஓடினன்.

ஆட விடு

முதல் பயணம் பட்டணத்துக் கடையிலையிருந்து குருநகருக்கு. கிட்டடிதான். கடைக்காரர் பிரிட்ஜைப் படுக்கப் போடக்கூடாதெண்டார்; போட்டால் மோட்டர் எண்ணெய் குழாயுக்கை ஏறிப் பழுதாப்போகுமாம். வாசலிலை நிண்ட ஒருத்தர் நிமித்தி வைச்சால் வளைவிலை கவிழும், படுக்கப்போடு எண்டார். இன்னொருத்தர் இரண்டும் வேண்டாம், சரிச்சு வை எண்டார். ரெஜினா அக்கா கடைக்காரற்றை சொல்லைப் பிடிச்சவதான், பிறகு விடவேயில்லை.

கட்டினது அவவின்ரை தம்பி அந்தோனி. கடல் தொழில். வள்ளத்தைக் கட்டுற மாதிரிக் கயிற்றைத் தளர விட்டுக் கட்டினான். இறுக்கிக் கட்டினால் கயிறு அறும், சாமான் ஆட வேணும் எண்டான். வள்ளம் தண்ணியிலையெல்லோ நிக்குது, இது தகரத்திலையெல்லோ நிக்குது எண்டு நான் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரிட்ஜ் பின்னுக்கு நிண்டு கூத்தாடுது, நான் முன்னுக்குப் புனித அந்தோனியாரைக் கும்பிடுறன், நானோ சைவம். ஒரு திருப்பத்திலை அது சாய்ஞ்சு கபினிலை முட்டிப்போட்டுத் தானாய் நிமிர்ந்தது. ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேந்தம். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு இறங்க, அந்தோனி சொன்னான்: "ஆடினபடியாத்தான் விழேல்லை. சந்தேகமெண்டால் கடலிலை போய்க் கேளும்."

தேங்காய்

பிறகு சண்டை மூண்டு கரைப்பக்கம் ஷெல் குண்டு விழத் தொடங்க, அக்கா கோண்டாவிலிலை கந்தையா அண்ணை எண்ட புகையிலை நடுற ஒரு கமக்காரற்றை வளவிலை ஒரு அறை எடுத்தா. பிரிட்ஜும் போகவேணும். நானும் அந்தோனியும் தூக்கினால் அது அசையவேயில்லை. ஐயோ, முந்தித் தூக்கினது இதைத்தானோ எண்டு எனக்குக் குழப்பம். பிரிட்ஜ் நாள்பட நாள்படப் பாரம் கூடுமோ எண்டு அந்தோனியைக் கேட்டன். அவனும் யோசிச்சான். கடைசியிலை எப்பிடியோ ஏத்தி, இந்தமுறை கொஞ்சம் இறுக்கிக் கட்டினம்.

விசயம் நடுறோட்டிலைதான் வெளிச்சது. புதுவீட்டுக்கு வெறும் பெட்டி கொண்டுபோகக்கூடாதெண்டு அயல் சனம் எல்லாம் அதுக்கை அரிசி, உப்பு, தேங்காய் எண்டு அடைஞ்சு விட்டிருக்குதுகள். எங்களுக்கு ஆரும் மூச்சு விடேல்லை. நாங்கள் பிரிட்ஜைத்தான் கட்டினம், கதவைக் கட்டேல்லை. ஒரு குலுக்கலிலை கதவு திறந்து தேங்காய் எல்லாம் றோட்டிலை உருண்டு போச்சு. பின்னாலை சைக்கிளிலை வந்த மனுசன் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினார்: "தம்பி, உங்கடை பிரிட்ஜ் காய்க்குது."

தடி போட்டு முறுக்கினது

பிறகு கொஞ்சம் அமைதி வந்த மாதிரி இருக்க, அக்கா திரும்பக் குருநகருக்குப் போக வெளிக்கிட்டா. கந்தையா அண்ணை கட்டுறது தன்ரை பொறுப்பெண்டு நிண்டார். புகையிலைச் சிப்பம் கட்டின கை. கயிற்றைச் சுத்தி, நடுவிலை ஒரு தடியைச் செருகி முறுக்கினார் பாருங்கோ, பிரிட்ஜின்ரை வயிறு டொக்கெண்டு உள்ளுக்குப் போச்சு. அக்காவின்ரை முகம் செத்துப்போச்சு. போதும் அண்ணை எண்டு நான் சொல்லச் சொல்ல, அவர் இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

வழி முழுக்கப் பிரிட்ஜ் ஒரு அசைவு அசையேல்லை. ஆனால் அக்கா கபினுக்கை திரும்பித் திரும்பிப் பின்னுக்கே பாத்துக்கொண்டு வந்தா. குருநகரிலை இறக்கி வயரைச் செருகி, மோட்டர் உறுமுற சத்தம் கேக்குமட்டும் ஆரும் தேத்தண்ணியிலை வாய் வைக்கேல்லை. உறுமிச்சுது. அக்கா சுவரோடை சாய்ஞ்சு நிண்டு அழுதா. அந்தோனி பிரிட்ஜின்ரை வயித்திலை விழுந்த பள்ளத்தைத் தடவிப் பாத்திட்டுக் கேட்டான்: "உவர் பிரிட்ஜைக் கட்டினவரோ, கைது பண்ணினவரோ?"

ஐஸ் இல்லாத பிரிட்ஜ்

அதுக்குப் பிறகு நான் எனக்கெண்டு ஒரு முறை பிடிச்சன். பிரிட்ஜை நிமித்திக் கபினோடை ஒட்ட நிப்பாட்டிறது. இடையிலை பழைய மெத்தை. மூலையளுக்குத் தேங்காய்த் தும்பு அடைஞ்ச சாக்கு. உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டு திறந்து பாத்துப்போட்டுக் கதவைத் தனியாய்க் கட்டிறது. பிறகு சைக்கிள் ரியூப்பைக் கீறி எடுத்த பட்டியாலை குறுக்கும் மறுக்குமாய் இழுத்துக் கட்டிறது. இறுக்கியும் பிடிக்கும், கொஞ்சம் ஆடவும் விடும். அந்தோனிக்கும் சரி, கந்தையா அண்ணைக்கும் சரி.

ஆனால் நான் கட்டப் படிச்ச நேரம் கரண்ட் போச்சு. தொண்ணூறிலை சண்டையோடை போனது போனதுதான். ஊரிலை பிரிட்ஜெல்லாம் அலுமாரியாப்போச்சு. ஒரு வீட்டிலை நெல்லு, ஒரு வீட்டிலை பிள்ளையளின்ரை பள்ளிக்கூடக் கொப்பி. ரெஜினா அக்கா அப்பம் சுட்டு வித்தா. அவவின்ரை பிரிட்ஜ் மட்டும் வெறுமையாய், நாளும் விடிய அவ துடைச்சபடி, மணம் பிடிக்காமல் இருக்கக் கதவிடுக்கிலை செருகின ஒரு குச்சியோடை நிண்டது. திரும்பவும் குருநகரிலை இருக்க ஏலாமல்போய்ச் சாவகச்சேரிக்கு வெளிக்கிடேக்கை பிரிட்ஜும் வருமெண்டா. பெற்றோல் கிடையாமல் பிக்கப் அப்ப மண்ணெண்ணெயிலை இருமிக்கொண்டு ஓடுது. அக்கா, கரண்டில்லாத பிரிட்ஜுக்கு என்ன நிமித்திறதும் படுக்கிறதும், படுக்கப் போட்டால் மேலை பெட்டையள் இருக்கலாமெல்லோ எண்டன். நியாயம்தானே? அவ என்னைப் பாத்த பார்வையிலை நான் ஏதோ பிழையாய்க் கதைச்சது விளங்கிச்சுது. என்ன பிழையெண்டு விளங்கேல்லை. பெட்டையள் சட்டி பானையோடை ஒடுங்கியிருந்தினம், பிரிட்ஜ் நிமிர்ந்து நிண்டு வந்தது. அக்கா சொன்னா: "கரண்ட் எப்ப வருமெண்டு உமக்குத் தெரியுமோ? வாற அண்டைக்கு இது ஓடவேணும் தம்பி."

கலியாண வீடு

சாவகச்சேரியிலையும் அவ வீடு மாறினா. பிரிட்ஜும் மாறிச்சுது. கடைசியிலை அந்தோனிக்கு அலுத்துப்போச்சு. உது உயிரோடை இருக்கோ, செத்துப்போச்சோ எண்டு ஒருக்கால் பாப்பம். செத்திருந்தால் இனி மண்ணெண்ணெயை எரிச்சு அதைச் சுமக்கிறேல்லை எண்டான். அக்காவும் ஓமெண்டா. தெரிஞ்ச ஒரு கலியாண வீட்டிலை ஜெனரேட்டர் பிடிச்சிருந்தினம். பகலிலை ஓட்டிப் பாக்கேக்கை கொண்டுவாங்கோ, செருகித் தாறம் எண்டினம்.

மெத்தை, சாக்கு, ரியூப் பட்டி எல்லாம் போட்டு, நான் அதுவரைக்கும் கட்டினதிலை நல்ல கட்டு அண்டைக்குத்தான் கட்டினன். கலியாண வீட்டு முத்தத்திலை இறக்கி நிப்பாட்டினம். ஜெனரேட்டர் உறுமுது. வாழை கட்டிக்கொண்டு நிண்ட சனமெல்லாம் வேலையை விட்டிட்டு வந்து சுத்தி நிக்குது. அந்தோனி வயரை இழுத்து அக்காவின்ரை கையிலை குடுத்து, நீயே செருகு எண்டான். அவ குனிஞ்சா. வயர் முனையைத் துளைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சா. பிறகு நிமிர்ந்து, வயரை அவசரமில்லாமல் ஆறுதலாய்ச் சுத்திப் பிரிட்ஜுக்குப் பின்னாலை தொங்கவிட்டிட்டு, ஏத்துங்கோ, வீட்டை போவம் எண்டா. அந்தோனி வாயைப் பிளந்துகொண்டு நிண்டான். ஜெனரேட்டர்காரர் தன்ரை கரண்டிலை ஏதும் குறையோ எண்டு கேட்டார். ஏனக்கா, என்ன நடந்தது எண்டு நான் கேட்டன். அவ எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா: "ஓடேல்லையெண்டால் நாளைக்கு விடிய எழும்பி நான் எதைத் தம்பி துடைக்கிறது?"

திரும்பவும் நிமித்தித்தான் ஏத்தினன். ஒரு பிரிட்ஜை எப்பிடிக் கட்டிறதெண்டு என்னை எந்த நேரத்திலும் கேளுங்கோ, ஏன் கட்டினனியெண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.