விடுதி கேட்டால் கொடி வருகிறது

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். மகளிர் விடுதியில் வெளிநாட்டு மாணவிகளுக்கு இடம் உண்டா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். விடுதி இல்லையென்றால் அப்பா விடமாட்டார்.

அங்கே அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. அதனால் இரண்டு மாணவர் சங்கங்களின் வாட்ஸ்அப் உதவிக் குழுக்களிலும் கேட்டேன்.

இன்று இங்கே ஊரில், வட்டக்கச்சி பஸ்ஸில் இருக்கும்போது ஒரு சங்கத்துத் தம்பி அழைத்தார்.

"அக்கா, அவங்க குரூப்லயும் இருக்கீங்களாமே? முதல்ல அதுலேருந்து வெளிய வாங்க."

"விடுதி இருக்கோ, தம்பி?"

"அதெல்லாம் நாங்க போராடி வாங்கித் தருவோம்."

பத்து நிமிடத்தில் மற்றச் சங்கம் அழைத்தது. அவர்களும் போராடுவார்களாம். நான் போய் இறங்கும் நாளில் ரயில் ஸ்டேஷனுக்குச் சங்கக் கொடியோடு வந்து கூட்டிப் போவார்களாம்.

பக்கத்தில் இருந்த அன்ரி கேட்டார், "பிள்ளைக்கு இந்தியாவில கம்பஸ் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை அன்ரி, இன்னும் விண்ணப்பமே அனுப்பேல்லை."

"அப்ப ஆர் உவ்வளவு நேரமாக் கதைக்கினம்?"

"அங்கத்தை மாணவர் சங்கங்கள், அன்ரி. எலெக்சனுக்கு ஆள் சேர்க்கினம்."

"அதுக்கேன் பிள்ளை இந்தியாவுக்குப் போறீர்?"

இந்தியாவில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்கிறேன். விடுதி உண்டு, இல்லை, ஒரு சொல் போதும். எனக்காக யாரும் போராட வேண்டாம்.